தோல் சாளைக்கு ஒரு திசை

பள்ளிக்கூடம் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது எங்கள் வீடு நாறும் என்பதைத்தான். அகர வரிசையெல்லாம் அதற்குப் பிறகு.

அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் கேரள எல்லைக்குள் முதலமடைச் சாலையோரம் ஆட்டுக்கறி போடுவார். உரித்த தோல்களைச் சித்தப்பா எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து உப்புப் போட்டு அடுக்கி வைப்பார். பொள்ளாச்சியிலிருந்து தோல்காரர் டெம்போவில் வந்து எடுத்துக்கொண்டு போவார். அங்கிருந்து அவை ஈரோட்டுப் பக்கம் பதனிடப் போகும். வீட்டுக்குக் கிழக்கே, தென்னோலை வேய்ந்த ஒரு சாளைதான் தோல்களுக்கான இடம். நான் பிறந்ததிலிருந்து மூச்சிழுத்தது அந்தச் சாளையைத் தாண்டி வந்த காற்றைத்தான். காற்று என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போன முதல் வாரமே பக்கத்துப் பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு பெஞ்சின் கடைசிக்கு நகர்ந்தான். டீச்சர் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, அங்கே நல்ல காற்று வரும் என்றார். எனக்காகத்தான் சொல்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். ஒருநாள் மாலை பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டு வேலியைத் திறந்தபோது, அந்த வாசம் புதிதாக ஒரு ஆள் வந்து நிற்பதைப்போல என் முன்னால் நின்றது. உள்ளே ஓடிப்போய் எல்லோரிடமும் சொன்னேன்.

"படிச்சவனுக்கு மூக்கு நீண்டுருச்சு," என்று அப்பா சிரித்தார். அம்மா, சோறு தின்ன வாடா என்றாள். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியே கூட்டிப்போய், "நெசமாவே நாறுதா கண்ணு?" என்று கேட்டார்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அப்போது அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில், பெண்ணைப் பார்த்துப் பிடித்துவிட்டால் அடுத்ததாகப் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க வருவார்கள். சித்தப்பாவுக்கு எல்லாம் அந்த இடம் வரைக்கும் ஒழுங்காக நடக்கும். வருகிறவர்கள் எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் புகழ்வார்கள், தென்னையைப் புகழ்வார்கள், என் தலையைத் தடவிக்கொடுப்பார்கள். வீடு காத்தோட்டமாக இருக்குதுங்க என்று ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டே சொன்னார். சொல்லி அனுப்புகிறோம் என்று போவார்கள். பிறகு ஜாதகம் பொருந்தவில்லை என்று சேதி வரும். அந்த ஜாதகம் அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் நன்றாகப் பொருந்தியிருக்கும்.

நான் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் அந்த ஜாதகங்களின் கோளாறு சித்தப்பாவுக்கு விளங்கியது. அன்றிலிருந்து வீட்டின் மூக்கு நான்தான். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வேலியருகே சித்தப்பா காத்திருப்பார். நான் கண்ணை மூடி, இழுத்து முகர்ந்து, "கொஞ்சம்", "ஜாஸ்தி" என்று சொல்வேன். வெளியிலிருந்து வருகிற மூக்குக்குத்தான் தெரியும் என்பதால், இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும். அதற்குள் நானும் வீட்டு ஆளாகிவிடுவேன்.

அந்தத் தீபாவளிக்கு ஆடு ஏராளமாக விழுந்தது. எங்கள் ஊர்களில் தீபாவளி என்றால் கறிதான். சாளையில் தோல் குவிந்தது. சித்தப்பா வேலை செய்வதைப் பார்க்க எனக்கு அலுக்கவே அலுக்காது. தோலைச் சாய்வான கல்லில் ரோமம் அடியில் போகும்படி விரித்து, முனை மழுங்கிய கத்தியால் ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சதையையும் சுரண்டியெடுப்பார். பிறகு கல்லுப்பை இரண்டு கையாலும் அள்ளி, கழுத்திலிருந்து ஆரம்பித்துத் தேய்த்துக்கொண்டே வருவார். கால் மூலை, வால் மடிப்பு எதையும் விடமாட்டார். காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் தைலம் தேய்ப்பதுபோல இருக்கும். வெயில் படவே கூடாது. உப்பு எங்காவது எட்டாமல் போனால் அந்த இடத்தில் ரோமம் கழன்றுவிடும். தோல்காரர் வந்ததும் கழுத்தருகே இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்ப்பார். ரோமம் கையோடு வந்தால் அந்தத் தோலைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த மௌனம் சித்தப்பாவுக்கு ஆகாது.

ஆனைமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வீட்டார், தீபாவளி முடிந்த வாரத்தில் வீடு பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முதல்நாள் தோல்காரர் வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போய்விடுவார் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து ஹர்த்தால் வந்தது, கடையும் வண்டியும் முடங்கின. எதற்காக ஹர்த்தால் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. மழை எதற்கு என்று கேட்பதில்லை அல்லவா, அதுபோல. எல்லை தாண்டி வண்டி எதுவும் வரவில்லை. தோல் அப்படியே கிடந்தது.

மறுநாள் விடிந்ததும் அப்பாவும் சித்தப்பாவும் தோல்களை உப்போடு சாக்கில் சுற்றி, கிழக்கேயுள்ள மாந்தோப்புக்குள் தூக்கிப்போய் வைத்தார்கள். நாய் இழுக்காமலிருக்கச் சுற்றிலும் இலந்தை முள்ளை வெட்டிப் போட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கென்று வாங்கிய செம்மறிகளும் வாசலில் நின்று புழுக்கை போடக்கூடாது என்று, அவற்றையும் அதே தோப்பில் கொண்டுபோய்க் கட்டினார்கள். காலிச் சாளையை அம்மா சாணி தெளித்து மெழுகிச் சாம்பிராணி போட்டாள். பிறகு என்னைச் சாலை வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பி வரச் சொன்னார்கள். வந்து முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. அதை ஊர்த் தலைவர் தீர்ப்புச் சொல்வதுபோலச் சொன்னேன். சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார்.

அந்த நேரத்தில் காற்று இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. கிழக்குக் காற்று எங்கள் பக்கத்தில் வெயில் ஏறிய பிறகுதான் எழும்பும்.

அவர்கள் ஜீப்பில் வந்தார்கள். பெண்ணின் அப்பா அதிகம் பேசாதவர். பெண்ணின் அம்மா அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவர். உட்காருவதற்கு முன்பே, "ஏனுங்க, தோலெல்லாம் எங்க போட்டு வெப்பீங்க?" என்று கேட்டார்.

"அது அக்கட்டைங்க, தூரமா," என்றார் அப்பா, திசை காட்டாமல் கையை மட்டும் ஆட்டி.

பேச்சை மாற்றுவதற்காக என்னைக் கூப்பிட்டார்கள். இங்கிலீஷில் மாதங்களின் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு ஜனவரியிலிருந்து ஆரம்பித்தேன். மே மாதத்தில் காற்று வந்தது. ஜூனில் அந்த அம்மா முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தார். இதுவரை வந்தவர்களில் யாரும் அப்படிச் செய்ததில்லை. நான் குரலை உயர்த்தி ஜூலையைச் சொன்னேன். ஆகஸ்டில் கிடாய் வந்தது.

முளையைப் பிடுங்கி, கயிற்றை இழுத்துக்கொண்டு நேராக வாசலுக்கு வந்த அது, வந்தவர்கள் கால் கழுவ வைத்திருந்த அண்டாவில் வாயைப் போட்டு உறிஞ்சியது. பின்னாலேயே இன்னும் இரண்டு வந்து முட்டி மோதின. அண்டா கவிழ்ந்தது.

"என்னுங்க, ஆட்டுக்குத் தண்ணியே காட்டறதில்லீங்களா?" என்று பெண்ணின் அப்பா முதல்முறையாக வாயைத் திறந்தார்.

கிடாய் தலையைத் தூக்கியது. அதன் மூக்கிலும் தாடையிலும் வெள்ளைப் பரல்கள் ஒட்டியிருந்தன. நாய்க்குப் பயந்து முள் போட்டவர்களுக்கு, ஆட்டுக்கு உப்பு என்றால் உயிர் என்பது மறந்துபோயிருந்தது. சித்தப்பா அதைப் பார்த்தார். அடுத்த கணம் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோப்பைப் பார்த்து ஓடினார். அப்பா "டேய், டேய்" என்றது அவர் காதில் விழவில்லை. நான் பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தால், முந்தானையை மூக்கில் பிடித்தபடி அந்த அம்மாவும் வந்துகொண்டிருந்தார்.

தோப்பில் முள் ஒரு பக்கம் விலகிக் கிடந்தது. சாக்கு அவிழ்ந்து தோல்கள் பரவியிருந்தன. மீதி ஆடுகள் அவற்றின்மேல் குனிந்து, அவசரமில்லாமல், ஈன்ற ஆடு குட்டியை நக்குவதுபோல ஓரம் ஓரமாக நக்கிக்கொண்டிருந்தன. அதுகளுக்கு ஆள் அடையாளம் தெரிகிறதா என்று சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் ஆடுகளை விரட்டிவிட்டு, மேலே கிடந்த தோலைப் புரட்டி, கழுத்தருகே ரோமத்தை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. அப்போதுதான் மூச்சு விட்டார். மண்ணில் மண்டி போட்டு, சாக்கில் மிச்சமிருந்த உப்பை அள்ளித் தேய்க்க ஆரம்பித்தார்.

"ரெண்டு நிமிசமுங்க, வந்தர்றனுங்க," என்றார், தலை தூக்காமல்.

அந்த அம்மா போகவில்லை. "இந்தக் கையோட சோறு எப்படித் திங்கறீங்க?"

"சீயக்காய் போட்டுக் கழுவுவனுங்க. எலுமிச்சங்காயும் தேய்ப்பனுங்க."

"அப்பப் போயிருமா?"

போயிடும் என்று சொல்ல வேண்டும் என்பது வீட்டில் ஏற்கனவே பேசி வைத்தது. எனக்கே தெரியும். சித்தப்பா கையைப் பார்த்துக்கொண்டார். "முழுசாப் போகாதுங்க," என்றார்.

"சாளை எங்க இருக்குது?"

"ஊட்டுக்குக் கெழக்காலைங்க."

"கெழக்கேயிருந்து காத்து அடிக்குது, கெழக்காலையே சாளையப் போட்டா நாறாம என்ன பண்ணும்? மேக்கால போடறது."

"ஆடியில மேக்கேயிருந்து அடிக்குமுங்க."

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்ப வடக்கால?"

"அங்க பாறைங்க. சாளைக்குக் கால் நடறது கஷ்டமுங்க."

"கஷ்டம்னா நட முடியாதா, கஷ்டப்பட்டு நடணுமா?"

சித்தப்பா உப்புக் கையோடு நிமிர்ந்து அவரைப் பார்த்தார். எனக்குக் கோபம் பொங்கியது. நாற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னவன் நான். அந்தத் தீர்ப்பை இவர் எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அவர் விடவில்லை. கிணற்று மேடை வழுக்குகிறது என்றார். சமையற்கட்டில் புகை போக வழியில்லை, தன் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான் என்றார். அம்மா வாயை இறுக்கிக்கொண்டு காபியைக் கொண்டுவந்து வைத்தாள். தென்னையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை இல்லை. என் தலையையும் தடவவில்லை. "செப்டம்பர்லேயே நின்னுருச்சே, மீதி வருமா?" என்று மட்டும் கேட்டார். நான் சொல்லவில்லை. ஆகஸ்டோடுதான் நின்றது என்றும் நான் அவரைத் திருத்தவில்லை. போகும்போது பெண்ணின் அப்பா, எல்லோரும் சொல்வதைப்போலவே, சொல்லி அனுப்பறோமுங்க என்றார்.

ஜீப் போனதும் அம்மா, "நாக்கா அது," என்றாள். அப்பா கிடாயைக் கட்டப் போனார்.

சாளை இன்றைக்கும் வடக்கே, பாறைமேல்தான் இருக்கிறது. சித்தி ஆனைமலைப் பக்கம் தன் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவள் அம்மா முதலில் விசாரிப்பது சமையற்கட்டுப் புகைபோக்கியை. என் முறைக்கு, என்னைக் கண்டால் மாதங்களை ஆகஸ்டிலிருந்து சொல்லச் சொல்வார்.

ஆனால் அன்று மாலை எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. புகழ்ந்துவிட்டுப் போனவர்களே திரும்பி வரவில்லை. இவ்வளவு குறை சொன்னவர் வருவாரா. இதைச் சித்தப்பாவுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தேடிக்கொண்டு போனேன். அவர் வடக்கு மூலையில், உப்புக் கறை படிந்த அந்தப் புது வேட்டியோடு, கடப்பாரையைப் பாறையில் இறக்கிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, அவங்க வரமாட்டாங்க," என்றேன்.

"இந்தக் குச்சியக் கொஞ்சம் நேராப் புடி கண்ணு," என்றார் அவர்.

பாவம், இவருக்கு எதுவுமே புரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு நான் குச்சியைப் பிடித்தேன்.