கொடியில் காய்ந்த கம்பளிகள்

அந்தமானில், ஹட் பே தீவில், என் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு வயர்லெஸ் ஆபரேட்டர் தனியாக இருந்தார். ஒல்லியான உடம்பில் எப்போதும் கைவைத்த பனியன்தான். ஆனால் வெயில் அடித்த நாளெல்லாம் அவர் கொடியில் பூசணம் பிடித்த கம்பளி உடுப்புகள் காயும். ஒரு பனிக்காலத்தில் நார்வேக்குப் போய், வானத்தில் பச்சையாக அசையும் துருவ ஒளியைப் பார்க்கப் போகிறாராம். சுவரில் அதன் காலண்டர் படம் இருந்தது.

மெயின்லேண்ட் போகிறவர்களிடம் எல்லோரும் ஊறுகாய், அப்பளம் கேட்பார்கள். இவர் ஒரே ஒரு கம்பளிச் சாமான் கேட்பார். குல்லா ஒருவர் வாங்கி வந்தார், காலுறை இன்னொருவர், மப்ளர் நான்.

எனக்கு மாற்றலாகிக் கப்பலேறிய அன்று துறைமுக ஜெட்டிக்கு வந்திருந்தார்.

"கையுறை பாக்கி இருக்கே சார், மெட்ராஸ்ல வாங்கி பார்சல்ல அனுப்பட்டுமா?" என்றேன்.

"ரஹ்னே தோ சார், வேண்டாம். பார்சலைப் போஸ்ட்மேன் கொடுத்துட்டுப் போயிடுவான்." என் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க மப்ளர் கொண்டுவந்த அன்னிக்கு மூணு தடவை டீ போட்டோம், ஞாபகம் இருக்கா?" என்றார்.

மெட்ராஸில் கையுறை வாங்கினேன். இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது.