மாப்பிள்ளை கை வைத்த பிஸ்கட் டின்

என்னைப் பெண் பார்க்க வரவிருந்தவர்களிடம், எனக்கு ஆர்கன் வாசிக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டாள் என் அம்மா. அவள் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கொடுமை. அம்மாவைப் பொறுத்தவரை, உள்ளே கம்பி ஓடி வெளியே சத்தம் வருகிற பெட்டி எல்லாமே ஆர்கன். "கருப்பு வெள்ளைக் கட்டை இல்லாட்டி என்னடி? நீ கைய வச்சா சத்தம் வருதில்ல? அப்புறம் அது என்ன, இடியாப்ப ஒரலா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

நான் செய்து வைத்திருந்த சாமானை சிந்தசைசர் என்று சொல்லலாம் என்பதே எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. எழுபதுகளின் கடைசி அது. சுங்கைப்பட்டாணிக்கு வெளியே, புக்கிட் செலம்பாவ் போகிற சாலையில், ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. அப்பா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர். நான் பிறை என்ற ஊரில் ஓர் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் ஆபரேட்டர். பொடிப்பொடி டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக மெஷினில் மாட்டி, முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கும் வேலை. முள் கோட்டுக்குள் நின்றால் நல்லது. கோட்டைத் தாண்டினாலோ, ஒரு தடவை இங்கேயும் மறு தடவை அங்கேயும் நின்றாலோ ரிஜெக்ட். அதைச் சிவப்புத் தட்டில் போட்டுவிட வேண்டும்.

எனக்கு அந்தச் சிவப்புத் தட்டின் மேல்தான் கண். பாஸ் ஆனவை எல்லாம் கேட்ட கேள்விக்கு ஒரே பதில் சொல்லும், பேசாமல் பெட்டிக்குள் போகும். ரிஜெக்ட் ஆனவற்றுக்குத்தான் ஆளுக்கொரு குணம். ஒன்று சூடு பட்டால் துள்ளும். ஒன்று மழை நாளில் படுத்துக்கொள்ளும். ஒருநாள் சூப்பர்வைசரான சீனப் பெண்ணிடம் கொஞ்சம் கேட்டேன். "அம்பில் லா, சம்பா சாஜா" என்றாள். எடுத்துக்கோ, வெறும் குப்பைதானே என்று மலாயில் சொல்லி ஒரு பிடி அள்ளிக் கொடுத்தாள், வாசலில் காவல் நிற்கிற கார்டிடமும் சொல்லிவிட்டாள்.

சதுர பிஸ்கட் டின், கெட்டுப்போன ரேடியோவின் ஸ்பீக்கர், நாலு பேட்டரி. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, ரிஜெக்டுகளை ஒன்றோடொன்று ஒட்டினேன். மூடியின் மேல் இரண்டு பத்துக் காசுகளை வைத்துக் கம்பியோடு பற்ற வைத்தேன். இரண்டு காசிலும் விரல் வைத்தால் உடம்பு வழியாகக் கரண்ட் ஓடி சத்தம் வரும். எந்தச் சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. அப்படித் தெரியக்கூடாது என்றுதான் செய்தேன். வெளியே போகிற சத்தத்தில் கொஞ்சத்தை மறுபடி உள்ளேயே கொடுத்தேன், அது தான் சொன்னதைத் தானே கேட்டுக் குழம்பட்டும் என்று. திருகுகள் வைத்தேன், எது எதற்கு என்று ஒன்றிலும் எழுதவில்லை. வாரம் முழுக்க முள்ளைக் கோட்டுக்குள் நிறுத்துகிறவளுக்கு வீட்டிலாவது கோடு இல்லாத ஒன்று வேண்டியிருந்தது. கூப்பிட்டால் வரும், வராமலும் போகும், ஆட்டுக்குட்டி மாதிரி. நேற்று வந்த சத்தம் இன்று வராது. அதை மடியில் வைத்துக்கொண்டு பொழுதைக் கழித்தேன். லயத்தில் எல்லாரும் சிரித்தார்கள். "என்ன தங்கச்சி, இன்னைக்குப் பேய்க்கு வவுத்து வலியா?" என்று பக்கத்து வீட்டு அண்ணன் ஜன்னல் வழியாகக் கேட்பார். போங்கண்ணே என்பேன். அப்போதெல்லாம் எனக்கு வெட்கமே கிடையாது.

வெட்கம் வந்தது அந்த ஆளைப் பார்த்த பிறகு. எங்கள் மாதா கோவில் திருவிழாவில் சப்பரம் தூக்கியவர்களில் ஒருவர். புக்கிட் செலம்பாவ்காரர், பட்டணத்தில் ஓர் இரும்புக் கடையில் ஸ்டோர் வேலை. சப்பரத்தை இறக்கி வைத்துவிட்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பக்கத்திலிருந்த நண்பனைப் பார்த்து. அது போதுமாயிருந்தது எனக்கு. அப்புறம் பஸ் ஸ்டாண்டில் அவருடைய மோட்டார் சைக்கிளைத் தேடுவதே என் பிழைப்பாகிவிட்டது. கட்டினால் இந்த ஆளைத்தான் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

கல்யாணத் தரகர் அந்த ஆளின் வீட்டுப் பேச்சையே கொண்டுவந்தபோது சோற்றில் கை வைக்க முடியவில்லை எனக்கு. மாப்பிள்ளையின் அப்பா ஊர் ஜெபக்கூடத்தில் ஜெபம் நடத்துகிறவர். அங்கே இருந்த ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்துவிட்டது. வாசிக்கத் தெரிந்த மருமகள் வந்தால் நல்லது என்று அவர்கள் சொன்னார்களாம். உடனே அம்மா பெருமையாக, "எங்க பொண்ணு ஆர்கனே வச்சிருக்கு" என்று அவிழ்த்து விட்டிருக்கிறாள்.

ஞாயிறு பூசை முடிந்து மத்தியானம் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா அப்பா, தரகர். கேசரி கொடுத்தேன், கோப்பி கொடுத்தேன். முறுக்குத் தட்டை மேசை மேல் வைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரிதான் பேசினார்.

"மாதா பாட்டு ஒண்ணு வாசியேன்மா, கேப்போம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அறைக்குள் போய் பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து, பூ போட்ட துணி விரித்து மேசை மேல் வைத்தாள். அவர்கள் டின்னைப் பார்த்தார்கள். மூடி திறந்து பிஸ்கட் வேறு தரப்போகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

"இது பாட்டு வாசிக்காதுங்க" என்றேன்.

"சும்மா வாசி லா, வெக்கப்படாத" என்றார் தரகர்.

இரண்டு காசிலும் விரல் வைத்தேன். ஐயோ! கத்தியது பாருங்கள், கழுத்தில் கத்தி வைத்த பன்றி மாதிரி. அதுவரை ஒருநாளும் அவ்வளவு உச்சத்துக்குப் போனதில்லை. மாப்பிள்ளையின் அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். என் அப்பா தலையைக் குனிந்து தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிக் கூனி உட்கார்ந்ததை அதற்கு முன் கங்காணி முன்னால்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு உயிரே போய்விட்டது.

"ஏம்மா இப்படிக் கத்துது?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கெட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எனக்குப் புத்தி எங்கே போனதோ, சாமானின் மானத்தைக் காப்பாற்றப் போனேன். "கெட்டுப் போகலைங்க. கை ஈரமா இருந்தா மேல ஏறும், காஞ்சிருந்தா கீழ இறங்கும்" என்றேன்.

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். காசு இரண்டும் வியர்வை ஈரத்தில் பளபளவென்று இருந்தன. முதலில் புரிந்தது தரகருக்கு. தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அப்ப சரி! பொண்ணுக்கு மாப்பிள்ளையப் புடிச்சிருக்கு, வாயால வேற சொல்லணுமா? டின்னே சொல்லிருச்சு!"

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாகூடச் சிரித்தார். நான் முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டேன். ஒரு பெண் வாயைத் திறந்து சொல்லக்கூடாத விஷயத்தை லயமே கேட்கக் கத்தியாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்பு கெட்ட சிரிப்பு இல்லை. அதோடு விட்டிருந்தால் வெட்கத்தோடு வெட்கமாகப் போயிருக்கும்.

தரகர் விடவில்லை. "மாப்பிள்ளை, நீயும் கைய வையி. உன் மனசையும் கேட்டுருவோம்."

அவர் எழுந்து வந்தார். என் பக்கத்தில் நின்றார், தலையில் பிரில்கிரீம் வாசம். இரண்டு விரலை இரண்டு காசின் மேல் வைத்தார். ஒன்றும் வரவில்லை. எல்லாரும் காத்திருந்தோம். பிறகு டொக் என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். சொட்டுகிற குழாய் மாதிரி, அவசரமே இல்லாமல்.

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தேன். தரகர் தொண்டையைச் செருமினார். டொக். மாப்பிள்ளை முகத்தில் சங்கடம்கூட இல்லை. வைக்கச் சொன்னார்கள், வைத்தேன் என்று நின்றார். போதும் என்று தரகர் சொன்னதும் கையை எடுத்துவிட்டு, போகிற வழியில் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

"பேட்டரி வீக்கா இருக்கும்" என்றாள் அம்மா.

"எம் புள்ள எதுக்கும் பதறாது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

கிளம்பிப் போனார்கள். அன்று சாயங்காலம் முழுக்க நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த டொக் சத்தத்தை வரவழைக்கப் பார்த்தேன். கையைத் துடைத்துவிட்டு வைத்தேன். அடுப்பில் காட்டி உலர்த்திவிட்டு வைத்தேன். குட்டிக்கூரா பவுடரைக் கொட்டித் தேய்த்துக்கொண்டு வைத்தேன். அவ்வளவு தாழ்வாக எனக்கு வரவே இல்லை. அவரை நினைத்துக்கொண்டு வைத்தால் மேலே ஏறியது, நினைக்காமல் வைக்க என்னால் முடியவில்லை. எந்தச் சொல்லையும் நம்ப முடியாதபடி நானே பார்த்துப் பார்த்துச் செய்த சாமான் அது. மழைக்கு ஒன்று சொல்லும், வெயிலுக்கு ஒன்று சொல்லும், அதன் பேச்சை யார் நம்புவார்கள் என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ரிஜெக்ட் சாமான், ரிஜெக்ட் சாமான் என்றேன். இரும்புக் கடையில் மூட்டை தூக்குகிற கை, காய்ப்பு ஏறியிருக்கும் என்றேன். ஆனால் அந்த முகத்தையும் நான் பார்த்திருந்தேனே. அந்த ஆள் எனக்காக வரவில்லை. வரச் சொன்னார்கள், வந்தார்.

வாரம் முடிவதற்குள் தரகர் வந்து சம்மதம் என்றார். பெண் ஃபேக்டரிக்குப் போகிறவள், நல்ல குடும்பம், ஆர்கன் பிறகு கற்றுக்கொள்ளட்டும், பட்டணத்தில் கான்வென்ட் சிஸ்டர்மார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றார்களாம் மாப்பிள்ளை வீட்டார். மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று அப்பா கேட்டார். "அது என்ன சொல்லும்? நீங்க பாத்து செய்ங்கன்னுருச்சு" என்றார் தரகர். வாசலில் நின்றபடி பதிலுக்குக் காத்திருந்தார்.

அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். சந்தோஷத்தில் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், கரித்துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்னா சொல்லிருடி. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். ஆர்கன் பத்தி எனக்குத் தெரியாது. ஆனா அன்னைக்கு அந்தச் சத்தத்த நானுந்தான் கேட்டேன்."

அவளுக்கும் தெரிந்திருந்தது. பேட்டரி வீக் என்று சொன்ன அந்த நிமிஷமே தெரிந்திருந்தது. என் மேல் கோபமோ கிண்டலோ இல்லாமல், என்னைப் பார்த்துப் பாவப்பட்டு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தாள். அவமானத்தில் என் காது எரிந்தது. இல்லம்மா, வேண்டாம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சரின்னு சொல்லிரும்மா" என்றேன். "இப்பவே போய்ச் சொல்லிரு, அவங்க மனசு மாறுறதுக்குள்ள."