நேரத்துக்கு முன்னால் வந்த குற்றம்

டிப்போவில் அவருக்குக் கரெக்ட்டு என்று பெயர். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. இருபத்துமூன்று வருடமாக ஒரே தடத்தில் பேருந்து ஓட்டிய மனிதர். அவர் வண்டி திரும்புவதைப் பார்த்துத்தான் கடைக்காரர்கள் கடிகார முள்ளைச் சரிசெய்வார்கள் என்று சொல்வதுண்டு. அதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்பலாம்.

பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விசித்திரமான தர்மம் உண்டு. தாமதமாக வரலாம், சிக்னல் மேலும், மழை மேலும், முன்னால் போன லாரி மேலும் பழியைப் போட்டுவிடலாம். ஆனால் குறித்த நேரத்துக்கு முன்னால் நிறுத்தத்தை விட்டுக் கிளம்பினால் மன்னிப்பே கிடையாது. நேரத்தை நம்பி ஓடி வருகிறவர் முகத்தில் புகையை விட்டுப் போன பாவம் அது. கரெக்ட்டு வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு காலை இரண்டு நிமிடம் முந்திக் கிளம்பி, பரீட்சைக்குப் போக வேண்டிய பெண்ணை நடுத்தெருவில் விட்டுவிட்டார். அவள் அம்மா டிப்போவுக்கு வந்து மேனேஜரின் மேசைமேல் ஏறி உட்கார்ந்து அழுதாள். கரெக்ட்டுக்கு மூன்று நாள் சஸ்பென்ஷன். அன்றிலிருந்து முந்துவது என்றாலே அவருக்கு உடம்பு கூசும். விருந்துக்குப் போனால்கூட வாசலில் நின்று, சொன்ன நேரம் ஆன பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். குறித்த தேதிக்கு நான்கு நாள் முன்னால் பிறந்துவிட்ட மகளைப் பார்த்து, கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்றாராம். மனைவி அதை இன்னும் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

இப்படிப்பட்டவருக்கு வருடாந்தர உடல் பரிசோதனையில் வந்தது வினை. டிப்போ டாக்டர் ஒல்லியான, லேசில் சிரிக்காத பெண்மணி. கரெக்ட்டை மூன்று மாடி ஏறி இறங்கச் சொன்னார். இறங்கி வந்து அவர் விட்ட மூச்சில் சுவர்க் காலண்டர் நான்கு மாதம் புரண்டது. டாக்டர் நாடியைப் பிடித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தகுதிச் சான்றைக் கையெழுத்துப் போடாமலேயே மூடி வைத்தார். இனி ஸ்டீயரிங் வேண்டாம், விசாரணை ஜன்னலில் உட்காருங்கள் என்றார்.

விசாரணை ஜன்னல் என்பது டிப்போ வாசலில் இருந்த கண்ணாடிக் கூண்டு. பேசுவதற்கான ஓட்டையை யாரோ புண்ணியவான் இடுப்பு உயரத்தில் போட்டுவிட்டதால், வருகிறவர்கள் குனிந்து கேள்வியைச் சொல்லிவிட்டு, பதிலுக்காகக் காதைத் திருப்பி வைக்க வேண்டும். முன்பு அங்கே உட்கார வைக்கப்பட்ட டிரைவர் ஒருவர் இரண்டே வருடத்தில் நாற்காலிக்குள் இறுகிப்போய், ஓய்வு பெறும்போது நாற்காலியோடுதான் வீட்டுக்குப் போனார். அடுத்தவன் ஓட்டுகிற வண்டி எப்போது வரும் என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்ததும் கரெக்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டுக் கெஞ்சினார்.

டாக்டருக்கு இன்னொரு முகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவர். தன் சங்கத்தின் போட்டியில் மூன்று வருடமாக இரண்டாவதாகவே வந்து, முதலாவதாக வரும் பல் டாக்டரை மனசார வெறுத்துக்கொண்டிருப்பவர்.

"ரெண்டு மாசம் தர்றேன். எங்க சங்கத்துப் போட்டி. இருபது கிலோமீட்டர். நாப்பத்தஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிச்சா கையெழுத்து. முடிக்கலன்னா ஜன்னல்."

"சைக்கிள்லயா, டாக்டர்?"

"பஸ்லன்னா யார் வேணா முடிச்சிருவாங்களே."

சைக்கிள் மச்சினனுடையது. எலும்பும் தோலுமாக இருந்த அந்த வண்டி மேல் கரெக்ட்டு முதல் தடவை ஏறியபோது, ஏதோ ஒரு திருகு விட்ட முனகல் அடுத்த வீடு வரை கேட்டது. போட்டியின் முறையையும் மச்சினன்தான் விளக்கினான். எல்லாரும் கும்பலாகக் கிளம்புவதில்லை. நிமிடத்துக்கு ஒருவராக விடுவார்கள். தனியாகப் பத்து கிலோமீட்டர் போய், சாலையில் வைத்திருக்கும் ஒரு கூம்பைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து காற்றிலிருந்து தப்பிக்கக் கூடாது.

"அப்ப யாரையும் முந்த வேண்டியதில்ல?" என்று ஆவலாகக் கேட்டார்.

"கடிகாரத்த முந்தணும், மாமா."

அது கரெக்ட்டுக்குப் பிடிக்கவில்லை. கும்பிடுகிற சாமியோடு மல்லுக்கு நிற்கச் சொன்ன மாதிரி இருந்தது. ஆனாலும் ஜன்னல் பயம் தள்ளியது. விடியற்காலையில் ஓட்டினார், மாலையில் ஓட்டினார். இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. அதில் நாலு கிலோ வியர்வை, மீதி ஐந்து கிலோ நாய்களுக்குப் பயந்தது. கடைசி வாரம் மச்சினன் பந்தயக் கால்சட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தான். தொடையைப் பிடிக்கிற கறுப்புச் சங்கதி. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மனைவி எதையும் கூர்ந்து பார்த்துப் பழகியவள். சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏங்க, சின்ன உறைக்குள்ள பெரிய தலகாணிய திணிச்ச மாதிரி இருக்கு. நடந்தெல்லாம் வராதீங்க. நேரா வண்டியில ஏறிடுங்க."

போட்டிக்கு முதல் நாள் கரெக்ட்டு தனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஏற்பாடு செய்துகொண்டார். நேர அட்டவணை எழுதினார். பெட்ரோல் பங்க், ஐந்தரை நிமிடம். தண்ணீர்த் தொட்டி, பதினொன்றே கால். ஓட்டுத் தொழிற்சாலை, பதினேழு. கூம்பு, இருபத்திரண்டரை. திரும்பி வர இன்னொரு இருபத்திரண்டரை. மொத்தம் நாற்பத்தைந்து. சீட்டைக் கைப்பிடி நடுவில் டேப் போட்டு ஒட்டினார். இதைப் பார்த்த மச்சினன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தான். அவனுக்குப் பேருந்துக்காரர்களைப் பற்றி என்ன தெரியும்?

காலையில் புதியவர்களை முதலில் விட்டார்கள். கரெக்ட்டுக்கு ஐந்து நிமிடம் பின்னால் டாக்டர், அதற்கும் பின்னால் பல் டாக்டர். ஒருவர் இருக்கையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஐந்து, நான்கு, மூன்று என்று விரல் மடக்கினார். விரல் முடிந்தது. கரெக்ட்டு கிளம்பவில்லை. எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். இருக்கையைப் பிடித்திருந்தவர் முதுகில் ஒன்று போட்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது.

அன்றைக்குப் பார்த்து முதுகுக்குப் பின்னால் காற்று. பெட்ரோல் பங்க்கை அரை நிமிடம் முன்னாலேயே தாண்டிவிட்டார். மிதிப்பதைக் குறைத்தார், காற்று குறைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியில் முக்கால் நிமிடம் முந்தியிருந்தார். யாரோ பின்னால் ஓடி வந்து கையை ஆட்டுகிற மாதிரியே தோன்ற, இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். கூம்பைச் சுற்றும்போது கடிகாரம் இருபது நிமிடம் ஐம்பது வினாடி காட்டியது. ஒரு நிமிடம் நாற்பது வினாடி முன்னால் வந்துவிட்டார்.

இருபத்துமூன்று வருடம் அந்த உடம்புக்குள் உட்கார்ந்திருந்த டிரைவர் விழித்துக்கொண்டான். கரெக்ட்டு கையை நீட்டிச் சைகை காட்டினார். ஓரமாக ஒதுங்கினார். ஒரு காலைத் தரையில் ஊன்றினார். நேரம் ஆகட்டும் என்று நின்றார்.

அவர் நின்று கால் நிமிடம்கூட ஆகியிருக்காது. கூம்பைச் சுற்றி டாக்டர் பறந்து வந்தார். மூன்று வருடத்தில் அவ்வளவு வேகமாக அவர் ஓட்டியதில்லை. பல் டாக்டரை அன்றைக்குப் புதைத்துவிடுவது என்ற முடிவோடு வந்தார். வந்தவர் கண்ணில், தான் அனுப்பி வைத்த நோயாளி பாதையோரத்தில் அசையாமல் நின்று எங்கேயோ வெறித்துக்கொண்டிருப்பது பட்டது. விலை உயர்ந்த சைக்கிளைப் புல்லில் எறிந்துவிட்டு ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"எங்க வலிக்குது? நெஞ்சா, கையா?"

"வலியெல்லாம் இல்ல, டாக்டர்."

"பேசாதீங்க. எண்ணிட்டிருக்கேன்." அரை நிமிடம் எண்ணினார். புருவம் ஏறியது. "நாடி நல்லாத்தானே இருக்கு. அப்புறம் எதுக்கு நிக்கிறீங்க?"

"முன்னாடியே வந்துட்டேன். இன்னும் முப்பது செகண்ட் இருக்கு."

டாக்டருக்கு விஷயம் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்த பிறகு அவர் சொன்ன வார்த்தைகள் மருத்துவக் கல்லூரியில் கற்றுத் தருபவை அல்ல. கூம்புக்குக் காவல் நின்ற கணக்கு வாத்தியார் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார். டாக்டர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். கரெக்ட்டும் கிளம்பினார். வசவு அட்டவணையை விடப் பெரியது.

திரும்பும் வழியில் அதே காற்று எதிரே வந்து மார்பில் கை வைத்துத் தள்ளியது. டாக்டரின் முதுகு சின்னதாகி மறைந்தது. கரெக்ட்டு கண்ணாடிக் கூண்டை நினைத்து மிதித்தார், நாற்காலியை நினைத்து மிதித்தார், கடைசியில் எதையும் நினைக்க மூச்சில்லாமல் வெறுமனே மிதித்தார். கோட்டைத் தாண்டி விழாத குறையாக இறங்கியபோது, நேரம் குறிப்பவர் சொன்னார்: நாற்பத்தைந்து நிமிடம், நாற்பத்தொரு வினாடி.

டாக்டர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பதினொரு வினாடியில் இரண்டாமிடம். பல் டாக்டர் எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றிருந்தார்.

கரெக்ட்டு அந்த இறுக்கமான கால்சட்டையோடு நடந்தே போய் டிப்போ டாக்டர் முன்னால் நின்றார். சாக்குச் சொல்லவில்லை.

"நாப்பத்தொரு செகண்ட் அதிகம், டாக்டர். ஜன்னலுக்கு எப்பலேர்ந்து போகணும்?"

டாக்டர் கையை நீட்டினார். மறுபடி மணிக்கட்டு, மறுபடி எண்ணிக்கை. மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை எண்ணினார்.

"மூணு மாடி ஏறி எறங்கினதுக்கு அன்னிக்கு நூத்தி அறுபது துடிச்சுது. இன்னிக்கு இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்து, அஞ்சே நிமிஷத்துல தொண்ணூறுக்கு எறங்கிடுச்சு," என்றார் எரிச்சலோடு. குணமான நோயாளி மேல் அவ்வளவு எரிச்சல்பட்ட டாக்டரை யாரும் பார்த்திருக்க முடியாது. "என் பையிலேர்ந்து அந்தத் தாளை எடுங்க."

தகுதிச் சான்றை முழங்கால்மேல் வைத்து எழுதினார். கையெழுத்துப் போட்டார். யோசித்து, கீழே இன்னொரு வரி சேர்த்துக் கொடுத்தார்.

மனைவிதான் வாங்கிப் படித்தாள். பேருந்து ஓட்டத் தகுதி உண்டு. சைக்கிள் போட்டிக்கு அறவே தகுதி இல்லை.

முதல் வரிக்குக் கரெக்ட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவது வரிக்கு முகம் சிவந்துவிட்டது. நிற்காமல் இருந்திருந்தால் நாற்பத்தைந்துக்குள் சுலபமாக வந்திருப்பேனே என்று மனைவியிடம் கணக்குச் சொன்னார். அவள் கேட்டு முடிப்பதற்குள், அடுத்த மாதப் போட்டிக்குப் பெயர் எழுதும் மேசைக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டார்.

டாக்டர் அதைப் பார்த்தார். எழுந்து, வரிசையைத் தாண்டி, பெயர் எழுதுகிறவரிடம் நேரே போனார்.

"இவர எனக்குப் பின்னால விடுங்க," என்றார். "எவ்வளவு பின்னால முடியுமோ அவ்வளவு."