பொம்மைப்படமும் தேசப்பன் பாடும்

பஞ்சாயத்து டிவி ஆபரேட்டர் வேலைக்கு சுவிட்ச் போடத் தெரிந்தால் போதும் என்றுதான் சொன்னார்கள். பெட்டிக்குள் நடப்பதற்கெல்லாம் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நாலு பேருக்குப் படக்கதை சொல்லப்போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் வேதனை புரியும்.

எண்பதுகளின் நடுவில், பழவேற்காடு பக்கம் எங்கள் குப்பத்துக்கு ஒரே ஒரு டிவி. ஞாயிற்றுக்கிழமை காலையில் டெல்லியிலிருந்து இந்தியில் ஒரு பொம்மைப்படத் தொடர் வரும். ஒரு மொட்டைத்தலை விஞ்ஞானி, அவனிடம் வேலை செய்யும் தகர மனுஷன், ஒரு ராக்கெட். சிரிக்கத்தான் எடுத்திருந்தார்கள். எங்கள் ஜனம் சிரித்துவிட்டு உடனே கேள்வி கேட்கும். பதில் சொல்ல நான். சின்ன வயசில் பொன்னேரிக்குப் போய் இந்திப் பரீட்சை எழுதியவனாயிற்றே! எழுதியது ஊருக்கே தெரியும். பெயிலானது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ரெண்டு மொட்டை

ஒரு வாரம் அந்த மொட்டை ஒரு மிஷினுக்குள் நுழைந்தான். அந்தப் பக்கம் ரெண்டு மொட்டையாக வெளியே வந்தான். நான்தான் நிஜம், நான்தான் நிஜம் என்று ரெண்டும் கட்டிப் புரண்டன. "எவன்யா நிஜம்?" என்று வலைக்காரர் முனுசாமி கேட்டார். ரெண்டும்தான் என்று வாயை விட்டேன். வந்தது வினை.

ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று எங்கள் ஊரில் முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். ஆளுக்கு ஒரு பாடு. பட்டியலில் பெயர் இருந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். அப்படியென்றால் ரெண்டு மொட்டைக்கும் சேர்த்து எத்தனை பாடு? படத்தை விட்டுவிட்டார்கள். ஊரே ரெண்டாகப் பிரிந்து கத்தியது. முனுசாமி என்னைத்தான் முறைத்தார்.

"ஒரே ஆளுன்னா ஒரு பாடு, வேற ஆளுன்னா ரெண்டு பாடு. இதுகூட தெரியாம நீ இன்னாத்துக்கு டிவி போட்ற?"

கண்ணில் எண்ணெய்

இன்னொரு வாரம் அந்தத் தகர மனுஷன் மூலையில் உட்கார்ந்து அழுதான். நான் மனுஷனா, டப்பாவா என்று யோசிக்கிறான் என்று அவன் மூஞ்சியைப் பார்த்து நானே சொன்னேன். கண்ணிலிருந்து எண்ணெய் வழிந்தது. பழவேற்காட்டிலிருந்து மீன் எடுக்க வந்த காசிம் பாய் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கு உசுரு இருக்குதா?" என்றார். அழுகிறானே பாய், இருக்கும் என்றேன். "கொழாகூடத்தான் ஒழுவுது" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே அஞ்சலையக்கா நின்றிருந்தார். முனுசாமிக்கு அண்ணி. புருஷன் தேசப்பன், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஆந்திரா பக்கம் போனவர்தான். ஒரு தகவலும் இல்லை. அவர் பாடு தம்பி முனுசாமிக்குப் போயிற்று. அக்கா கருவாடு காயவைத்து ரெண்டு பெண்களை வளர்த்தார். தகர மனுஷனைப் பார்த்து அவர்தான் கேட்டார்.

"சோறு கேக்கல, கொழம்புல கொற சொல்லல. இவன் எந்த ஊரு மனுசன்?"

போன ஆள், வந்த ஆள்

அப்புறம் அந்தப் பாழாய்ப்போன ராக்கெட் வாரம். மொட்டை நட்சத்திரத்துக்குப் போய்ப் பல வருஷம் கழித்துத் தாடியோடு திரும்புகிறான். தகர மனுஷன் கதவைத் திறக்காமல் இந்தியில் ஏதோ சொல்கிறான். "இன்னா சொல்றான்?" என்று கூட்டம். ஒரு எழவும் புரியவில்லை. போன ஆள் வேற, வந்த ஆள் வேற என்கிறான் என்று அடித்துவிட்டேன். கைதட்டினார்கள்.

அந்த மாதமே தேசப்பன் வந்து இறங்கினார். நரைத்த தலை, முன்பல் ரெண்டு இல்லை, பேச்சில் பாதி தெலுங்கு. என் பாடு எனக்கு வேணும் என்றார். முனுசாமி அண்ணனை மேலும் கீழும் பார்த்தார்.

"டிவிலயே சொல்ட்டாங்க. போன ஆளு வேற, வந்த ஆளு வேற."

சாட்சி

டிவியில் அப்படித்தான் சொன்னானா என்று கேட்க, ஊர்க் கூட்டத்தில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். ஆமாம் என்றால் அஞ்சலையக்கா வீட்டுக்குப் பாடு கிடையாது. இல்லை என்றால் என் மானம் கிடையாது. ரெண்டு பெண்களும் அம்மா பின்னால் நின்று என்னையே பார்த்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "தலைவரே, எனக்கு இந்தி தெரியாது. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வான்னுகூட அவன் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

கூட்டம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. முனுசாமி சிரிக்கவில்லை. "சத்தியமா எனக்கே கொழப்பமா இருக்கு தலைவரே. இவன் எங்கண்ணன் மாதிரியே இல்ல" என்றார். அந்தக் குரலில் பொய் இல்லை. தலைவர் அஞ்சலையக்கா பக்கம் திரும்பி, நீ சொல்லும்மா, இது அதே ஆள்தானா என்றார்.

"போற அன்னிக்கு கொழம்புல புளி ஜாஸ்தின்னு கத்திட்டுத்தான் போனாரு. வந்து மொத வாய் வச்சதும் புளி ஜாஸ்தின்னாரு. ஒம்போது வருசமா அத்தச் சொல்ல ஆளில்லையேன்னு குந்தி அழுதேன். வேற எவன் வந்து அத்தச் சொல்லுவான்?"

அடுத்த ஞாயிறு

முனுசாமியே எழுந்து, அண்ணன் பெயரைப் பட்டியலில் போடுங்கள் என்று சொல்லிவிட்டார். நான்தான் வெட்கத்தில் டிவி ரூம் சாவியைக் கொடுத்துவிடலாம் என்று போனேன். ரூம் வாசலில் கூட்டம். வேறு வழியில்லாமல் திறந்து சுவிட்சைப் போட்டேன். முதல் வரிசையில் தேசப்பன். மொட்டை ஏதோ பேச ஆரம்பித்தான். "இன்னா சொல்றான்?" என்றார். எனக்குத் தெரியாதுண்ணே என்றேன்.

"தெரியாதுன்றதுதான் ஊருக்கே தெரியுமே. நீ சொல்லுப்பா."

அந்த ரெண்டு மொட்டையில் எவன் நிஜம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, ஆனால் வெளியூர் போய்த் திரும்பும்போதெல்லாம் எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டுக் குழம்பில் ஒரு குறை சொல்லிவிடுகிறேன்.