எதிர்த்தூணில் செல்லம்

தேக்குத் தூணில் கன்னத்தை வைத்தால் பங்குனி வெயிலிலும் ஒரு குளுமை இருக்கும். அதோடு பழைய எண்ணெய் வாசனையும் வரும். எஸ்.எஸ்.எல்.சி. தமிழ்ப் பரீட்சைக்கு நான் படித்தது அந்த வாசனையில்தான். ஆண்டு 1969, காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு முதல் மின்விசிறி வந்த வருஷம் என்பதால் இதில் எனக்குக் குழப்பமில்லை.

உடன் படித்தவள் என் வகுப்புத் தோழி செல்லம். அவள் அப்பா தச்சு ஆசாரி. கணக்கை ஊதித் தள்ளிவிடுவாள். மனப்பாடச் செய்யுள் மட்டும் அவளிடம் நிற்காது. தேவகோட்டைக்குப் போய் ஆசிரியப் பயிற்சியில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குள் கொத்தமங்கலத்திலிருந்து பெண் கேட்டு வந்துவிட்டார்கள். "தமிழ்லயே தவறிட்டா அப்பறம் என்னத்தா படிப்பு? அவுகளுக்குச் சரின்னு சொல்லிருவேன்" என்று அவள் அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார்.

நாங்கள் படித்த இடம் "வளவு". நடுவில் வானம் பார்த்த முற்றமும் சுற்றிலும் தூண்களுமாக இருக்கும் உள்கூடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அம்மாவை நாங்கள் ஆத்தா என்போம்; ஆத்தாவுக்குப் படிப்பு என்றால் சத்தம். அடுப்படியில் பலகாரம் சுட்டுக்கொண்டே காதை எங்கள் மேல் வைத்திருப்பார்கள், சத்தம் நின்றால் போதும், "என்ன அங்குட்டுச் சத்தத்தக் காணோம்? படிக்கிறீகளா, திங்கிறீகளா?" என்று குரல் வரும். உண்மையில் இரண்டையும்தான் செய்துகொண்டிருந்தோம். முற்றத்துக்கு இந்தப் பக்கத் தூணில் நான், எதிர்த்தூணில் அவள். நான் ஒரு வரி சொல்ல, அடுத்த வரியை அவள் சொல்வாள். அவள் சொல்லும்போது என் வாயில் சீப்புச்சீடை, நான் சொல்லும்போது அவள் வாயில். சத்தமும் நிற்காது, தட்டும் காலியாகும். இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்திலேயே இல்லை என்று நம்பியிருந்தோம்.

பொங்கல் கழிந்து, பெரிய பரீட்சைக்கு முன்னோட்டமாகப் பள்ளியில் நடந்த "செலக்ஷன்" பரீட்சையில் அது அம்பலமானது. முதல் வரியை எழுதிவிட்டு நான் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன்; இரண்டாவது வரி வரவேயில்லை, மூன்றாவதுதான் வந்தது. வேறு அறையில் இருந்த செல்லத்துக்கோ இரண்டாவதும் நான்காவதும் வந்தன, மற்றவை வரவில்லை. தமிழம்மா எங்கள் விடைத்தாள்களை அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டையும் சேத்துத் தச்சா ஒரு பாட்டு வரும். மார்க்க யாருக்குடி போட?" என்றார்கள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. செல்லம் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே தூணை மாற்றிக்கொண்டோம். அவள் வரிகள் எனக்கு, என் வரிகள் அவளுக்கு; அது பழகியபின் ஒருத்தி முழுப்பாட்டையும் சொல்ல, மற்றவள் வாயை மூடிக் கேட்பது என்று ஆயிற்று. பலகாரத்தைத் தொடுவதில்லை என்பது செல்லம் போட்ட சட்டம். ஆத்தா பயந்துபோய், "என்னடி, சீடை வச்சது வச்சபடி இருக்கு? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்க, "பாஸ் பண்ணிட்டுத் திங்கிறோம் ஆச்சி, எடுத்து வைங்க" என்றாள் செல்லம்; ஆத்தாவை அவள் ஆச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

பங்குனியில் தமிழ்ப் பரீட்சை முடிந்து வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பூரா வந்துருச்சுடி. ஆனா ஒன் வரியெல்லாம் ஒன் கொரல்லதான் வந்துச்சு, கூடவே நீ சீடையக் கடிக்கிற சத்தமும்" என்றாள். தேறினாள். தேவகோட்டைக்கும் போனாள்.

தலைமையாசிரியையாக ஓய்வு பெற்ற செல்லம், போன ஆவணியில் என் பேத்தியின் கல்யாணத்துக்கு அதே வீட்டுக்கு வந்திருந்தாள். முற்றத்துக்கு மேல் இப்போது கூரை போட்டாயிற்று. பலகாரம் கடையிலிருந்து அட்டைப் பெட்டியில் வருகிறது. கூட்டம் சாப்பிடப் போன நேரத்தில் அவள் தன் பழைய தூணில் போய்ச் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள். நான் முதல் வரியைச் சொன்னேன். இரண்டாவது வரி அங்கிருந்து வந்தது. பாட்டு முடிந்ததும் இருவரும் சும்மா இருந்தோம். பழக்க தோஷம், இருவர் கண்ணும் அடுப்படிப் பக்கம் போயிற்று. அங்கிருந்து யாரும், ஏன் சத்தத்தைக் காணோம் என்று கேட்கவில்லை.