அவர் கைக்குக் கண் மூடிய என் நாய்

பொன்னேரியில் கால்நடை மருத்துவமனை பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மீஞ்சூரில் ஏதோ தொழிற்சாலையில் வேலையாம். கழுத்தில் அடையாள அட்டை, இஸ்திரி கலையாத சட்டை, அதன் மேலேயே சாய்ந்து ஒரு பெட்டை நாய். பேசும்போதும் அவர் கை அதன் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தது.

"இன்னா சார் அதுக்கு?" என்றேன்.

"பால் காம்பாண்ட கட்டிண்ணா. கேன்சர். பட்டாணி சைஸ்ல இருக்கசொல்லவே கைல தட்டுப்பட்ச்சு. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. இனிமே பயமில்லனு டாக்டர் சொன்னாரு."

எனக்கு வயிறு எரிந்தது. என் நாயின் முன்னங்கால் வீங்கியபோது, வலையிலிருந்து உதறிப் போட்ட கெளுத்தியை மிதித்து முள் ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். மீன்பிடிக்கிற எங்கள் தோணிரேவில் வேறு எப்படி நினைப்பார்கள்? மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக்கொண்டே இருந்தேன். அது எலும்பில் வந்த புற்று, முழுக் காலையும் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சற்று முன்புதான் சொல்லியிருந்தார்.

பக்கத்திலிருந்தவர் குனிந்து என் நாயையும் தடவினார். நான் தொட்டாலே உறுமுகிற சனியன், அவர் கைக்குக் கண்ணை மூடிக்கொண்டது.

"தெனிக்கும் தடவிக் குடுப்பீங்களாண்ணா?"

"சோறு வெப்பேன்" என்றேன்.

இப்போது அது மூன்று காலில் நடக்கிறது. தினமும் நானும் உடம்பு முழுக்கத் தடவிப் பார்க்கிறேன். இதுவரை வேறு கட்டி எதுவும் இல்லை. அந்த ஆளை நினைத்தால் மட்டும் இன்னும் ஆத்திரம் வருகிறது. நான் தடவி முடிக்கும்வரை அது கண்ணைத் திறந்தபடியே படுத்திருக்கிறது.