இரண்டாவது த்ரெட்

பேய் பொய் என்று இருபது ஆண்டுகள் மேடையேறி முழங்கியவன் நான். இன்று உங்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன். ஓர் அநீதிக்கு. அது வெளிப்பட்டது என் கண்முன்.

2004 மே 14, வெள்ளி, பகல் 2.17. மாகறலில் ஒரு நெல் ஆலையின் கொதிகலன் வெடித்தது. அதைக் கவனித்துவந்த அம்சா இறந்தார். வேலை நேரத்தில் தூங்கிவிட்டார் என்று எழுதி முடித்தது ஆலை. கொதிகலனை இயக்கிய கணினி நிரலில் பழுதில்லை என்று எங்களிடம் கடிதமும் கேட்டது. அந்நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலரையும், எல்லா நிரல்களும் பயன்படுத்தும் ஆயத்தக் குறிமுறைத் தொகுப்பான லைப்ரரியையும் குறுந்தகட்டில் தொகுத்துக் கொடுத்தவர்கள் நானும் நண்பர் ஜமீரும்.

ஜூன் 11, வெள்ளி. உத்திரமேரூர் கடைத்தெருவில், எங்கள் மாடியறை. ஜுமா தொழுகை முடித்து ஜமீர் வந்தார்.

"இன்னும் கடிதம் எழுதலியா? பேஜார் பண்ணாத நைனா. ஓட்டிப் பாத்துட்டு கையெழுத்துப் போடு."

நிரலுக்குள் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். த்ரெட் என்போம். ஒன்று கொதிகலனின் நீராவி அழுத்தத்தைப் பார்க்கும். மற்றது, நிறுத்தும் பொத்தானை யாரேனும் அழுத்துகிறார்களா என்று கவனிக்கும். எங்களிடம் பொத்தான் இல்லை. எப்போதும் போல் முதல் த்ரெட்டை மட்டும் ஓட்டினேன்.

மணி 2.10. எல்லாம் சரி.

2.14. திரையில் புதிய வரி, இரண்டாவது த்ரெட் மட்டுமே எழுதக்கூடியது.

ஸ்டாப்.

"இன்னாபா இது? ஒண்ணுதானே ஓட்ன?"

"ஒண்ணுதான்."

"அப்ப ரெண்டாவது யாரு?"

ஸ்டாப்... ஸ்டாப்...

அறையில் அவித்த நெல்லின் வாடை. சூடாக.

2.16. கணினிக்கும் திரைக்கும் பொதுவான மின்கம்பியைப் பிடுங்கினேன். கணினி விசிறி நின்றது.

திரை அணையவில்லை.

ஸ்டாப்...

திரையில் வந்த ஸ்டாப்களை எண்ணினேன். பதினொன்று.

2.17. இருள். திரையின் கண்ணாடி வியர்த்திருந்தது.

அன்று மாலை குறுந்தகட்டைப் பிரித்தோம். லைப்ரரியில் இரண்டு வகை. ஒற்றை த்ரெட்டுக்கு ஒன்று. இரண்டு த்ரெட்கள் எழுதுவது ஒன்றையொன்று அழிக்காதபடி பூட்டு வைத்தது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே கோப்புப் பெயர் வைத்திருந்தோம். கடைசியாக நகலெடுத்தது பூட்டில்லாதது; அதுவே குறுந்தகட்டில் தங்கிவிட்டது. ஒரே த்ரெட்டில் சோதித்ததால் தெரியவில்லை. ஆலையிலோ, நிறுத்து என்று பொத்தான் சொன்னதை நீராவி அழுத்தத்தின் கணக்கு அழித்தெழுதியது; கொதிகலன் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் அம்சாவின் கணவர் அப்பு வந்தார். ஆலைக் குப்பையில் பொறுக்கிய பொத்தான் பெட்டி அவர் கையில்.

"அது தூங்கலன்னு நான் சொன்னேன். எவன் கேட்டான்?"

பெட்டிக்குள், எத்தனை முறை அழுத்தினார்கள் என்று காட்டும் எண்காட்டி. தினமும் காலையில் சுழியாக்குவார்களாம்.

அது 11-இல் நின்றிருந்தது.

அந்தக் குறுந்தகடு இன்னும் நாற்பது பேரிடம் உள்ளது. உங்களிடம் இருந்தால் இன்றே உடையுங்கள். அம்சா தூங்கவில்லை என்று ஆலை வாசலில் வந்து சொல்லுங்கள். அங்கே நானும் நிற்பேன். முதல் கேள்வியை என்னிடம் கேளுங்கள்.